ஒரு பஸ் டிக்கெட்டின் கனம்

குறைவாகக் காட்டினால் தராசில் கோளாறு. கூடுதலாகக் காட்டினால் இயந்திரம் பிரமாதம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் அந்த வருஷம் முழுக்க நடந்த நியாயம் இதுதான். இதே நியாயத்தைச் சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக்காரர் பேசியிருந்தால் தராசைப் பிடுங்கி அவர் தலையிலேயே போட்டிருப்பார்கள். நாங்கள் படித்தவர்கள் என்பதால் எங்களுக்கு டீயும் பருப்பு வடையும் வந்தன.

தராசு என் பொறுப்பு. நான் ராஜபாய், நாகர்கோவில்காரி. செயற்கைக்கோளில் பொருத்துவதற்காகச் செய்கிற மின் உந்திகளைச் சோதித்து, இது இவ்வளவு தள்ளும் என்று கையெழுத்துப் போடுவது என் வேலை. உந்தியைச் செய்தவர் நீலகண்டன். இரண்டு பேருக்கும் மேலே பகவதிப்பெருமாள் சார். அவருடைய வேலை என்ன என்று அப்போதும் எனக்குத் தெரியாது, இப்போதும் தெரியாது.

ராக்கெட் என்றால் எல்லோருக்கும் கடற்கரையிலிருந்து புகையும் சத்தமுமாகக் கிளம்புவதுதான் நினைவுக்கு வரும். மின் உந்தி அப்படிப்பட்ட ஜாதியில்லை. துளி வாயுவை மின்சாரத்தால் உடைத்து, ஊதா வெளிச்சமாகப் பின்னால் எறியும், அவ்வளவுதான். எவ்வளவு தள்ளும் என்று வீட்டுக்கு வந்த விருந்தாளி கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். சிட்டி பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுக்கிற டிக்கெட் உள்ளங்கையில் எவ்வளவு கனக்குமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. ஆனால் மேலே காற்றில்லை, தடுக்க ஆளில்லை. மாசக்கணக்கில் விடாமல் தள்ளினால் ஒரு டன் செயற்கைக்கோளும் அசைந்து கொடுக்கும்.

அந்த டிக்கெட் கனத்தைத்தான் நான் நிறுத்துக் காட்ட வேண்டும். ஓர் ஆள் குனிந்து நுழையக்கூடிய இரும்புப் பீப்பாய்க்குள் தராசு நிற்கும். ஒரு கையில் உந்தி, வாய் கீழே பார்த்தபடி. மறு கையில் அதற்குச் சமமான எடைக்கல். கதவை அடைத்துப் பம்பு போட்டு உள்ளிருக்கும் காற்றையெல்லாம் உறிஞ்சிவிட்டு உந்தியை ஓட்டினால், அது கீழே எறிய எறிய, அந்தக் கை லேசாகி மேலே எழும்பும். எழும்பியது எவ்வளவு என்று வெளியே ஓடுகிற வரைதாளில் ஒரு பேனா கோடு போடும். உந்தியை நிறுத்தினால் பேனா பூஜ்யத்துக்குத் திரும்பி வர வேண்டும். இந்தக் கடைசி விஷயத்தைத் தயவுசெய்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆபீசில் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

நீலகண்டனுக்கு ஸ்ரீவராகத்தில் வீடு. எல்லோரும் அவரைச் சாமி என்போம். வருஷக்கணக்காக அந்த ஒரே உந்தியைக் கட்டிக்கொண்டு அழுதார். பீங்கான் வளையம் விரிசல் விடும், புதிதாகக் கடைவார். கம்பி உருகும், புதிதாகச் சுற்றுவார். மகளுக்கு வரன் பார்க்கப் போன இடத்தில்கூட மாப்பிள்ளையின் அப்பாவிடம் பீங்கானைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார் என்று கேள்வி. அவருக்கு ஓய்வு பெறக் கொஞ்ச காலமே இருந்தது. அதற்குள் ஒரு செயற்கைக்கோளில் இடம் காலியாக இருப்பதாகத் தகவல் வந்தது. மூன்றரை மில்லிநியூட்டன் தள்ளினால் சாமியின் உந்தி மேலே போகும். தள்ளாவிட்டால் வெளிநாட்டில் வாங்குவார்கள். பெங்களூரிலிருந்து ஒரு குழு வந்து, தன் கண்ணால் பார்த்து முடிவு செய்யும்.

கணக்குப்படி அந்த உந்தி மூன்றேகால்தான் தள்ள வேண்டும். சாமி விடுப்பில் இருந்தால் மூன்றேகால்தான் காட்டியது. சாமி வந்து தன் கையால் பூட்டினால் மூன்றே முக்கால். ஒருமுறை இருமுறை அல்ல, எப்போதும் அப்படித்தான். சாமியின் கை ராசி என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

“சாமி கை பட்டாத்தான் அது மனசு வச்சு ஓடும், பாத்துக்கிடுங்க,” என்றார் பகவதிப்பெருமாள் சார். எம்.டெக். படித்தவர் சொல்கிறார்!

“சார், நிறுத்தின பொறவு பேனா திரும்ப வரல்ல,” என்றேன். “பூஜ்யத்துக்கு மேலயே நிக்குது.”

“சூட்டுனாலயாக்கும் அம்மா. ஆறினா தன்னால திரும்பும்.”

ஆறும்வரை காத்திருந்தேன். திரும்பவில்லை. போய்ச் சொன்னேன்.

“அப்போ உங்க தராசுல என்னமோ இருக்கு. கழத்திப் பாருங்க.”

“கூட்டிக் காட்டின மூணே முக்கால் மட்டும் சரி, திரும்பி வராதது மட்டும் தராசுக்க குத்தமா? சாமி இல்லாத அன்னைக்கு இதே தராசு யோக்கியமா திரும்பி வருதே சார்!”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. கமிட்டி வருது. சரியாக்கி வைங்க.”

கழற்றினேன். கம்பிகளை மாற்றினேன். வாயுக் குழாயைத் தளர்த்தினேன். பீப்பாயின் கால்களுக்கு அடியில் ரப்பர் வைத்தேன். வெளியே லாரி போனால் தராசு ஆடுகிறதா என்று வாசலில் நின்று லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாட்ச்மேன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். பம்பு வேறு படுத்தியது. சாமி வந்த நாட்களில் உள்ளே காற்று வற்றவே நேரமாகும், என்னமோ பீப்பாய்க்குள் குளம் வெட்டிவைத்த மாதிரி. ஒவ்வொரு அறிக்கையிலும் கடைசியில் ‘பேனா பூஜ்யத்துக்குத் திரும்பவில்லை’ என்று எழுதினேன். அதை யாரும் படிக்கவில்லை. மூன்றே முக்கால் என்பதை மட்டும் எல்லோரும் படித்தார்கள்.

பீப்பாயைத் திறந்தால் கமகமவென்று சந்தன வாசனை வரும். அதைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. சாமி தினமும் விடியற்காலையில் கோவிலுக்குப் போய், அங்கே பூஜை செய்கிற போத்தி கை படாமல் எறிந்து தரும் சந்தனத்தை வாழையிலைத் துண்டோடு கொண்டுவருவார். நெற்றியில் பட்டையாக இருக்கும். அவர் வந்த நாட்களில் கதவைத் திறப்பவரும் அவர்தான், உந்தியைக் கழற்றித் துடைத்து வைப்பவரும் அவர்தான், வேறு யாரும் தொடக் கூடாது. ஆகவே வாசனை அவருடையது என்றே நினைத்தோம்.

குழு வருவதற்கு முந்தின வாரம் ஒருநாள் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே அவர் கிளம்பிவிட்டார். கரமனையில் மருமகளுக்கு வளைகாப்பு. “ஆறட்டும், நாளைக்கு நான் வந்து கழட்டிக்கறேன், கேட்டேளா, தொடவேண்டாம்,” என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுப் போனார். வழக்கம்போல மூன்றே முக்கால். வழக்கம்போலப் பேனா திரும்பவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. ஆறியதும் நானே கதவைத் திறந்தேன்.

சந்தன வாசனை வந்தது. சாமி கரமனையில் வளைகாப்புச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

தலையை உள்ளே விட்டுப் பார்த்தேன். உந்தியின் பின்பக்கம், சுவரைப் பார்த்த இடத்தில், கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சந்தனப் பொட்டு. சூட்டில் பழுப்பாகி வெடித்திருந்தது. நடுவில் குங்குமம்கூட வைத்திருந்தார்.

அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நான் கழற்றி மாட்டிய திருகாணிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, அழுகையே வந்தது. ஈரச் சந்தனத்தைக் கெட்டியாக அப்பினால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நிற்கும். உந்தி ஓடிச் சூடானதும் அந்த ஈரம் பறந்துபோகும். அந்தக் கை அவ்வளவுக்கு லேசாகும். தராசுக்கு என்ன தெரியும்? தள்ளியதால் லேசானதா, காய்ந்ததால் லேசானதா என்று அது கேட்காது, கோடு போடும். பறந்த ஈரம் திரும்பி வராது, பேனாவும் திரும்பி வராது. நிறுப்பதே ஒரு பஸ் டிக்கெட் கனம், அதில் ஒரு துண்டு சாமியின் சந்தனம்.

பகவதிப்பெருமாள் சாரிடம் ஓடினேன். அவர் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார்.

“இதை வெளிய யாருட்டயும் சொல்லாதிங்க.”

“சார்?”

“இவ்வளவு நாளா இருந்த சந்தனம், இன்னும் ஒருநாள் இருந்தா என்னம்மா? கமிட்டி பாத்துட்டுப் போயிரட்டும். பொறவு சாமிகிட்ட நான் சொல்லுதேன்.”

அவர் குரலைத் தாழ்த்தினார். “நீங்க வேற சர்ச்சுக்குப் போற ஆளு. சாமிக்க சந்தனத்தைக் குத்தம் சொன்னியள்னா நாளைக்கு ஆபீசுல என்னெல்லாம் பேசுவான்னு யோசிச்சியளா?”

அதுதான் எனக்குச் சுட்டது. “எங்க போதகர் ஜெபம் பண்ணி எண்ணெய் தடவி விட்டிருந்தாலும் இதத்தான் சார் சொல்லியிருப்பேன்,” என்றேன். “சந்தனத்தோட எனக்கு எந்த வழக்கும் இல்ல. அதுக்க ஈரத்தோடதான்.” கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டு வந்தேன்.

ஆனால் சாமியிடம் எப்படிச் சொல்வது? வாயால் சொன்னால் நம்ப மாட்டார், மனம்தான் புண்படும். மறுநாள் அவரிடம் போய், “சாமி, நாளைக்கு வரும்போ எனக்கும் கொஞ்சம் சந்தனம் கொண்டு வருவியளா?” என்று கேட்டேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. “அதுக்கென்ன! நீங்க வாய்விட்டுக் கேட்டதே சந்தோஷம், கேட்டேளா. தாராளமாக் கொண்டு வரேன்.”

தாராளமாகவே கொண்டுவந்தார், தனி இலையில், தெச்சிப்பூவோடு. தராசில் அவருடைய உந்திக்குப் பதிலாக ஒரு பழைய உந்தி பூட்டியிருந்தது. ஓடாது, கெட்டுப்போனது. சூடாக்கும் கம்பி மட்டும் அதில் உயிரோடு இருந்தது.

“இதுக்கு இடுங்க சாமி. நீங்க எப்பவும் இடுத மாதிரியே, பின்னால.”

இலையைப் பிடித்திருந்த கை அப்படியே நின்றது. “பாத்துட்டேளா?”

“பாத்தேன்.”

குனிந்து, கட்டைவிரலால் சந்தனத்தை எடுத்து, இருக்கும் இடம் தெரிந்த விரலாக நேரே பின்பக்கம் போய் அப்பினார். கதவை அடைத்தோம். பம்பு உறிஞ்சி முடிக்க மத்தியானம் ஆயிற்று. அதுவரை இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, ஆளுக்கொரு பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தோம்.

பேனா பூஜ்யத்தில் நின்றது. வாயுக் குழாயை மூடியிருப்பதை அவருக்குக் காட்டினேன். சூட்டுக் கம்பிக்கு மட்டும் மின்சாரம் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் பேனா ஏற ஆரம்பித்தது. வாயு இல்லை, ஊதா வெளிச்சம் இல்லை, ஓடுவதற்கு இயந்திரமே இல்லை. சந்தனம் தனியாகவே பறந்தது. பேனா அரை மில்லிநியூட்டனுக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. நிறுத்தினேன். திரும்பவில்லை.

சாமி மடையரில்லை. கோடு பாதி ஏறும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. வரைதாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கணக்குக்கு மேலே அரை வரதே, எப்படி வரதுன்னு நானும் யோசிச்சுண்டுதான் இருந்தேன்,” என்றார். “போட்டுப் போட்டுப் பாத்தேன், வரலை. அப்பறம் விட்டுட்டேன். கணக்கு வரைக்கும் நாம பண்றது, அதுக்கு மேலே வரது அவன் தரதுன்னு வச்சுண்டேன்.”

வருஷம் முழுக்க யாரைப் பிடித்து உலுக்க வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேனோ, அந்த ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார், எனக்கு ஒரு கோபமும் வரமாட்டேன் என்கிறது. அதுவே எனக்குப் பெரிய எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை குழு வந்தது. அன்று விடிந்ததுமே உந்தியைப் பூட்ட நாங்கள் மூவரும் வந்திருந்தோம். சாமியின் நெற்றி காலியாக இருந்தது. அந்த நெற்றியை அப்படி ஒருநாளும் நான் பார்த்ததில்லை.

பகவதிப்பெருமாள் சார் பதறிவிட்டார். “சாமி, சந்தனம் எங்க? கோயிலுக்குப் போகல்லியா?”

“போகலை. போனா இலை கைக்கு வந்துடும். இலை வந்தா கை சும்மா இருக்காது.”

“நான் வேணும்னா டிரைவரை விட்டு வாங்கிட்டு வரச் சொல்லட்டா? ஒரு துளி போதும்லா?”

“வேண்டாம்.”

சார் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து சாம்பலாகியிருக்க வேண்டும். சாமி உந்தியை என் பக்கம் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினார். துடைத்துப் பளபளவென்று இருந்தது. “நன்னாப் பாத்துக்கோங்கோ,” என்று சொல்லிவிட்டுப் பூட்டினார். அன்று பம்பு எந்தத் தகராறும் செய்யவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து குழு வந்து நின்றது. சாமியே பொத்தானைத் தட்டினார். சின்னக் கண்ணாடி ஜன்னலுக்குள் ஊதா வெளிச்சம் நேராக, அழகாக எரிந்தது. பேனா ஏறியது. நான் மனசுக்குள் ஜெபம் செய்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். தராசை நம்புகிறவள்தான், ஆனாலும் செய்தேன். மூன்றேகாலில் போய் நின்றது. அதற்கு மேல் மயிரிழைகூட ஏறவில்லை.

நிறுத்தினார். பேனா இறங்கி, பூஜ்யக் கோட்டின் மேலேயே வந்து உட்கார்ந்தது.

குழுத் தலைவர் பழைய அறிக்கைகளைப் புரட்டினார். “பலவற்றில் மூன்றே முக்கால் என்று இருக்கிறதே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். பகவதிப்பெருமாள் சார் கூரையில் மின்விசிறி சுற்றுவதைக் கவனமாகப் பார்த்தார். நான் வாயைத் திறந்தேன். சாமி முந்திக்கொண்டார்.

“அதில் அரை என் சந்தனம்,” என்றார்.

அவரே எல்லாவற்றையும் விளக்கினார், பாடம் நடத்துவதுபோல, ஒன்றையும் மறைக்காமல். குழுவில் இருந்த இளவட்டம் ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய்விட்டார். தலைவர் சிரிக்கவில்லை. வரைதாளில் பேனா திரும்பி வந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். “இந்த மூன்றேகாலை நான் நம்புகிறேன். சுத்தமான அளவு,” என்றார். பிறகு, “ஆனால் எங்களுக்குத் தேவை மூன்றரை,” என்றார். கால் மில்லிநியூட்டன். பஸ் டிக்கெட்டில் ஒரு மூலையைக் கிள்ளி எடுத்தால் எவ்வளவோ, அவ்வளவு.

வெளிநாட்டில் வாங்குவது என்று முடிவாயிற்று. கார்கள் கிளம்பிப் போனதும் பகவதிப்பெருமாள் சார் என்னிடம் வந்தார். “உங்களுக்குச் சமாதானமாச்சா?” என்று கேட்டார். சரியான அளவைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள், சொன்னால் இப்படி ஒரு கேள்வி! என்ன வேலையோ இது என்று வெறுத்துப்போய், பஸ்ஸில் தம்பானூர் வரை ஜன்னலுக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு போனேன். கையில் டிக்கெட் இருந்தது. அதைக் கசக்கி எறியவும் மனம் வரவில்லை.

திங்கட்கிழமை நான் போனபோது சாமி எனக்கு முன்பே வந்திருந்தார். நெற்றியில் பட்டைச் சந்தனம். அவருடைய உந்தியைத் தராசிலிருந்து கழற்றி, துணியால் துடைத்து, மூலையில் இருந்த இரும்பு அலமாரியில் கெட்டுப்போன பழைய உந்திகளின் பக்கத்தில் வைத்திருந்தார். கையில் வாழையிலை.

என்னைப் பார்த்ததும் குற்றம் செய்து பிடிபட்டவர்போல நின்றார்.

“ராஜபாய், இனிமே இதுக்கு இடலாமில்லையோ?” என்றார். “இனிமே இதை யாரும் நிறுக்கப் போறதில்லையே.”

“இடுங்க சாமி,” என்றேன். “நிறைய இடுங்க.”

பின்பக்கம் ஒளித்து வைக்காமல், முன்னாலேயே, பீங்கான் வளையத்துக்கு மேலே அப்பினார். நடுவில் குங்குமம் வைத்தார். சந்தனம் கொஞ்சம் வழிந்தது. நான் என் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துவிட்டேன்.